மகுடக் கற்கள் சொல்வதும் நாம் சொல்ல வைப்பதும்

அரச மகுடங்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். மாணிக்கம் என்றால் வீரம், நீலம் என்றால் தெய்வீகம், மரகதம் என்றால் செழிப்பு, முத்து என்றால் தூய்மை. பிறகு ஏதாவது ஒரு மகுடத்தை எடுத்து, அதிலுள்ள கற்களை இந்தப் பட்டியலோடு பொருத்தி, "ஆகவே இம்மன்னன் வீரமும் தெய்வீகமும் ஒருங்கே கொண்டவன்" என்று முடிப்பார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மகுடமும் இல்லை, கல்லும் இல்லை, மன்னனும் இல்லை. பட்டியல் மட்டும்தான் இருக்கிறது.

எங்கட சமூகத்துச் சஞ்சிகைகளிலும் பாடசாலை மலர்களிலும் இதற்கு ஒரு தனி வடிவம் இருக்கிறது. இலங்கைக்கு அரபிகள் இட்ட பெயர் 'ஜஸீரதுல் யாகூத்', அதாவது மாணிக்கத் தீவு. இப்னு பதூதா இங்கே உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணத்தைக் கண்டார். மன்னர்களின் முடிக்குக் கல் கொடுத்தவர்கள் நமது முன்னோர். ஆகவே நாம் பெருமைக்குரியவர்கள். இந்த வரிசை மாறாமல் எத்தனை கட்டுரைகள்! மேடையில் பேசுகிறவர்களும் இதையேதான் பேசுகிறார்கள். "எங்கட மூத்தவங்க ராஜாமாருக்கே கல்லு வித்தவங்க" என்று சொல்லாத கூட்டம் குறைவு.

இந்த இரண்டு வகை எழுத்திலும் ஒரே குறைதான். கல்லின் அர்த்தம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இரும்புக்குத் துருப்போல மாணிக்கத்துக்கு வீரம் இயல்பாகவே வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கல் மகுடத்தில் ஏறுவதற்கு முன் அதை ஒருவன் தோண்டியிருக்கிறான், ஒருவன் விற்றிருக்கிறான், ஒருவன் பறித்திருக்கிறான், ஒருவன் பட்டை தீட்டியிருக்கிறான். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, யார் பார்த்துப் பணிய வேண்டும் என்று அது உயரத்தில் வைக்கப்பட்டது என்ற கேள்விகளைக் கேட்காமல் சின்னத்தின் பொருளைச் சொல்ல முடியாது. இக்கட்டுரையில் அந்தக் கேள்விகளைச் சில கற்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

முதலில் பட்டியலையே சோதிப்போம். நம் நாட்டிலும் தமிழகத்திலும் நவரத்தினங்களை ஒன்பது கிரகங்களோடு சேர்ப்பது வழக்கம். மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, நீலம் சனிக்கு. நீலக்கல் மோதிரம் போடுவதற்கு முன் நூறு தடவை யோசிக்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். "நீலம் எல்லாருக்கும் ஒத்து வராது" என்பது கடைக்காரர் வாயிலேயே வரும் பேச்சு. அதே நீலம் இங்கிலாந்தின் அரச மகுடத்தில் உச்சிச் சிலுவையின் நடுவில் இருக்கிறது. எட்வர்ட் என்ற பழைய மன்னரின் மோதிரக் கல் என்று மரபு சொல்கிறது. அந்த மன்னரை அவர்கள் புனிதராக மதிக்கிறார்கள். அங்கே நீலம் வானத்தின் நிறம், புனிதத்தின் அடையாளம். இங்கே சனியின் கல், அஞ்ச வேண்டியது. கல் ஒன்று, பொருள் இரண்டு. அப்படியென்றால் பொருள் கல்லில் இல்லை, பார்க்கும் சமூகத்தில் இருக்கிறது.

அந்த மகுடத்தின் முன்புறத்தில் கோழி முட்டை போலச் சிவந்து நிற்கும் பெரிய கல்லைக் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்கிறார்கள். எடை சுமார் 170 கரட். வீரத்தின் சின்னம் என்று அதைக் காட்டாத புத்தகம் இல்லை. ஆனால் அது மாணிக்கமே அல்ல. ஸ்பினல் என்ற வேறொரு கல். ஐரோப்பாவில் இவ்விரண்டையும் கனிமவியல் முறையில் பிரித்தறிந்தது 1783 இல்தான். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, 11ஆம் நூற்றாண்டில், கஸ்னியில் இருந்த அல்பீரூனி இரத்தினக் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். கற்களை நீரில் எடைபோட்டு ஒப்பிட்டு, யாகூத் வேறு, பதக்ஷானிலிருந்து வரும் லஃல் வேறு என்று வைத்தவர் அவர். லஃல் என்பதைத்தான் இன்று ஸ்பினல் என்கிறோம். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் தராசைக் கேட்டவர் அவர். நம்மவர்கள் பெருமைப்பட வேண்டுமென்றால் இந்த இடத்தில் பெருமைப்படலாம். கல்லை வைத்திருந்ததற்காக அல்ல, கல்லை அறிந்ததற்காக.

அந்தச் சிவப்புக் கல் எப்படி அங்கே போனது? அபூ ஸயீத் என்பவர் கிரனாடாவை ஆண்ட நஸ்ரி வம்சத்து முஸ்லிம் ஆட்சியாளர். 1362 இல் சமாதானம் பேச ஸெவிலிக்கு வந்த இடத்தில் கஸ்டீல் மன்னன் பெத்ரோ அவரைக் கொன்றான். அவரிடமிருந்த கற்களில் இது பெத்ரோ கைக்குப் போனது. 1367 இல் தனக்காகப் போர் புரிந்ததற்குக் கூலியாக ஆங்கிலேய இளவரசன் எட்வர்டுக்கு அவன் இதைக் கொடுத்தான் என்பது வழிவழி வரும் செய்தி. விருந்தாளியாக வந்தவரைக் கொன்று எடுத்த கல்லுக்கு 'வீரம்' என்று பொருள் எழுதுவது எந்த அகராதியில் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. அரபியில் 'யாகூத்' என்பது சிவப்புக் கல்லுக்கு மட்டும் உரிய பெயர் அல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் யாகூத்தின் வகைகள்தான். இன்றைய விஞ்ஞானமும் இவற்றை ஒரே கனிமத்தின் நிற வேறுபாடுகள் என்றே சொல்கிறது. அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இந்த மூன்று நிறங்களையும் பிரித்துச் சொல்லிவிட்டு, நீல நிறத்ததை இங்குள்ளவர்கள் 'நீலம்' என்கிறார்கள் என்று நம் சொல்லையே அரபி எழுத்தில் பதிந்து வைத்தார். மொராக்கோவிலிருந்து வந்த ஒருவர் கடைத்தெருவில் கேட்ட சொல்லைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார். உள்ளங்கைக் கிண்ணத்தைவிட இந்த ஒரு சொல் எனக்குப் பெரிய பொக்கிஷமாகப் படுகிறது.

இப்னு பதூதாவை முழுதாக வாசித்தால்

அந்தக் கிண்ணத்துக்கு வருவோம். ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணம் இருந்ததும், அதில் அகில் எண்ணெய் வைத்திருந்ததும், பயணி வியந்தபோது "இதைவிடப் பெரியதும் எங்களிடம் இருக்கிறது" என்ற கருத்தில் மன்னர் பதில் சொன்னதும் பிரயாண நூலில் உள்ள செய்திகளே. வெள்ளை யானையொன்றின் நெற்றியில் கோழி முட்டையிலும் பெரிய ஏழு மாணிக்கங்களைக் கண்டதாகவும் எழுதுகிறார். பிரயாணிகள் அளவைக் கூட்டிச் சொல்வது புதிதல்ல, அதை விடுவோம். நம் கட்டுரையாளர்கள் இவற்றை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த பக்கங்களை விட்டுவிடுகிறார்கள் என்பதே என் முறைப்பாடு.

விடப்பட்டதில் ஒன்று: நூறு பணத்துக்கு மேல் பெறுமதியான எந்தக் கல்லும் மன்னருக்கே. விலை கொடுத்து அவர் எடுத்துக்கொள்வார்; குறைந்தது மட்டும் கண்டெடுத்தவனுக்கு. அந்த நூறு பணம் ஆறு தீனார் பொன்னுக்குச் சமம் என்று கணக்கையும் தருகிறார். 'மாணிக்கத் தீவு' என்றால் எல்லாரும் மாணிக்கம் வைத்திருந்த தீவு என்று நினைக்கிறோம். பெரிய கல் எவன் தோண்டினாலும் அது அரசனின் கல்லாகவே முடிந்தது. யானையின் நெற்றியில் ஏழு கல் இருந்ததன் காரணம் அந்தச் சட்டம்.

இன்னொன்று நமக்கு இன்னும் கிட்டியது. கற்கள் கிடைக்கும் பகுதியான குனகார் என்ற ஊருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசலைப் பற்றி எழுதுகிறார். பாவா ஆதம் மலைக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அந்த ஷெய்கு. ஊர் மன்னரும் மக்களும் அவரை மதித்து வந்து கண்டார்கள். ஆனால் மாடு அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் துண்டிக்கப்பட்டன. அந்தக் குற்றத்துக்குரிய தண்டனை மரணம். மதிப்பின் பொருட்டு அதைக் குறைத்து, சந்தையொன்றின் வருமானத்தையும் அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்கிறார்.

இதை நான் பழைய காயத்தைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. இந்தச் செய்தியில் தண்டனையும் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது, அக்கால இருப்பின் இரண்டு முகமும் இருக்கிறது. சிறுபான்மையாக ஓர் அரசின் கீழ் வாழ்ந்தவர்கள் பெற்ற மரியாதையும் அதற்கு இருந்த எல்லையும் ஒரே மனிதரின் உடம்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வளவு கனமான பக்கத்தைத் தள்ளிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் தூக்கிப் பிடிப்பது ஆய்வாகாது. தனக்குப் பிடித்ததைப் பொறுக்குவது கல் யாவாரத்துக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியில்லை.

'ஜஸீரதுல் யாகூத்' என்ற பெயரும் அப்படித்தான். 9ஆம் நூற்றாண்டில் அல்பலாதுரி சிந்துப் படையெடுப்பின் வரலாற்றைச் சொல்லும்போது இப்பெயரைக் குறிப்பிடுகிறார். இத்தீவில் இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் மகள்மாரை இங்கிருந்த மன்னர் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினார். தேபல் கடலில் கொள்ளைக்காரர் அதைப் பிடித்தார்கள் என்பது அந்தச் சம்பவம். தீவுக்கு யாகூத் என்ற பெயர் வரக் காரணமாக அவர் சொல்வது கற்களை அல்ல, பெண்களின் முக அழகை. காரணம் சரியோ பிழையோ, நம் கட்டுரைகள் முதற்சான்றாக நீட்டும் பெயர் தன் பழைய ஏட்டில் வேறு கதை சொல்கிறது. அதே பந்தியில் தந்தையை இழந்த பிள்ளைகளின் கப்பல் ஒன்று இருக்கிறது. அதை எழுத யாருக்கும் நினைவு வருவதில்லை.

முடியின் கனம்

இஸ்லாமிய வரலாற்று ஏடுகள் மகுடத்தை எப்படிப் பார்த்தன என்பதும் இங்கே தேவை. பாரசீகப் பேரரசர் கிஸ்ராவின் மகுடத்தைப் பற்றி ஸீரா நூல்களில் ஒரு விவரணை உண்டு. யாகூத்தும் மரகதமும் முத்தும் பொன்னிலும் வெள்ளியிலும் பதித்த அந்த மகுடம், தானியம் அளக்கும் பெரிய மரக்கால் போல இருந்தது. அதைத் தாங்க அவரது கழுத்தால் முடியாது. ஆகவே கூரையிலிருந்து பொற்சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். திரைத் துணி மூடியிருக்க, அவர் வந்து ஆசனத்தில் உட்கார்ந்து தலையை மகுடத்துக்குள் நுழைப்பார். பிறகு துணியை விலக்குவார்கள். முதன்முதல் காண்கிறவன் அச்சத்தில் மண்டியிட்டு விழுவான்.

மகுடக் கற்களின் பொருளைப் பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை. கற்கள் அரசனுக்கு எதையும் சேர்க்கவில்லை. அவனால் சுமக்கவும் முடியவில்லை. பார்க்கிறவனின் முழங்காலை மடக்கத்தான் அவை இருந்தன. துணி, சங்கிலி, நேரம் பார்த்துத் திரை விலக்கல் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான் கல்.

அதே பாரசீகத்தின் பிரபு ஹுர்முஸான் தோற்றுப் பிடிபட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்ட செய்தியை தபரி தருகிறார். அழைத்து வந்தவர்கள் அவருக்குப் பொன் சரிகை உடுப்பும் யாகூத் பதித்த முடியும் அணிவித்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கலீபாவைத் தேடினால் உமர் (ரழி) பள்ளிவாசலில் தம் அங்கியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "உமர் எங்கே?" என்று முடி தரித்தவர் கேட்டார், "இவர்தான்" என்றார்கள். "காவலாளிகள் எங்கே?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது. மகுடமும் காவலாளியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நபி (ஸல்) அவர்களிடம் இருந்த வெள்ளி மோதிரம் ஆட்சியின் முத்திரை. அதிலிருந்த பெறுமதி அதில் வெட்டப்பட்ட எழுத்து. மடல்களில் முத்திரை இல்லாவிட்டால் பிற நாட்டு மன்னர்கள் வாசிக்கமாட்டார்கள் என்பதற்காகச் செய்யப்பட்டது. கலீபாக்கள் மூவர் கைமாறி வந்து, உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து மறைந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. கிணற்றுக்குள் போன மோதிரத்துக்காக மதீனா கவலைப்பட்டது உண்மை. ஆனால் அது கல்லுக்கான கவலை அல்ல.

பிற்கால சுல்தான்கள் இந்த எளிமையைக் காத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தில்லி முகலாயர் மயிலாசனம் செய்தார்கள். அதையும் 1739 இல் நாதிர்ஷா என்ற இன்னொரு முஸ்லிம் மன்னர்தான் அள்ளிக்கொண்டு போனார். "முஸ்லிம் மன்னர்களின் செல்வச் சிறப்பு" என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் வரியையும் எழுத வேண்டும்.

கண்டியின் கற்கள்

இனி எங்கட மலைக்கு வருவோம். பன்வில இருப்பது தும்பறையில். கண்டி இராச்சியத்தின் கடைசிப் பக்கம் எழுதப்பட்டதும் இந்தத் தும்பறையில்தான். 1815 பெப்ரவரி 18 ஆம் திகதி ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மெதமஹநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். பிடித்தவர்கள் அரசியரின் காதணிகளை இழுத்துப் பிடுங்கியதில் காதிலிருந்து இரத்தம் வழிந்தது என்பது அக்காலத்திலிருந்து சொல்லப்பட்டு வரும் செய்தி. அரச ஆபரணத்தின் 'பொருள்' ஒரே நாளில் மாறியதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே மரணித்தான்.

கண்டி மன்னர்கள் கற்களை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு, ஏறத்தாழ 20 வருடம் இங்கே கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளிவந்த தன் நூலில் ஒரு காட்சி தருகிறார். கல் கிடைக்கும் இடங்களில் கூர் சீவிய கம்பங்களை நட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போகிறவன் அந்தக் கம்பத்திலேயே கழுவேற்றப்படுவான் என்பது அதன் அறிவிப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும் சின்னம் அது. மகுடத்திலிருந்த மாணிக்கத்துக்கு 'வீரம்', 'சூரியன்' என்று என்ன பொருள் சொன்னாலும் சரி, ஆற்றோரத்துக் குடியானவனுக்கு அதன் பொருள் அந்தக் கம்பம்தான்.

அதே நொக்ஸ் இரண்டாம் இராஜசிங்கனின் தலையில் கண்டது மணிமுடியை அல்ல. நான்கு மூலையும் மூன்று அடுக்கும் கொண்ட ஒரு தொப்பியும் முன்னால் நிமிர்ந்து நின்ற ஓர் இறகும்தான். கண்டியின் அதிகாரம் எப்போதும் கல் பதித்த முடியில்தான் இருந்தது என்று நாம் கற்பனை செய்ய அவர் இடம் வைக்கவில்லை.

சிம்மாசனத்தைப் பாருங்கள். மரச் சட்டத்தில் பொற்தகடு போர்த்தி, முதுகுப் பக்கத்தில் சூரியன் வைத்து, இரு பக்கமும் சிங்கம் அமைத்தது. 1821 இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதிய விவரணையில் அந்தச் சிங்கங்களின் கண்கள் செவ்வந்திக்கல். மாணிக்கத் தீவின் சிம்மாசனத்தில் சிங்கத்தின் கண் மாணிக்கமும் அல்ல, நீலமும் அல்ல. பளிங்கு இனத்து ஊதாக் கல். பட்டியலாளர்கள் இதைக் கண்டால் என்ன செய்வார்கள்? செவ்வந்திக்கல்லுக்கு ஒரு பொருளைத் தேடுவார்கள். ஆனால் அந்த ஆசனமே 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒல்லாந்தர் கொடுத்த அன்பளிப்பு என்று அறிந்தால் கேள்வி வேறாகும். கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பனி, மலைநாட்டு மன்னனுக்கு உட்கார ஆசனம் கொடுக்கிறது. மன்னன் அதில் சூரிய வம்சத்தானாக உட்காருகிறான். கொடுத்தவனுக்கு அது வியாபாரம், இருந்தவனுக்கு அது இறைமை. ஒரே பொருளுக்கு இரண்டு வாசிப்பு.

கொடுத்த அதே ஒல்லாந்தர் 1765 இல் கண்டி மாளிகையைக் கொள்ளையிட்டார்கள். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்து, சிங்கமும் சூரியனும் பிறையும் பொறித்த லெவ்கே திசாவையின் சிறு பீரங்கி அப்போது போனது. 2023 டிசம்பரில், வாளும் கத்தியும் துப்பாக்கியுமாக மொத்தம் ஆறு பொருள்களில் ஒன்றாக, அது திரும்பி வந்தது. சிம்மாசனத்தையும் மகுடத்தையும் ஆங்கிலேயர் 1815 க்குப் பிறகு கொண்டுபோனார்கள். அரச ஆபரணங்களில் ஒரு தொகுதி 1820 இல் லண்டனில் ஏலத்துக்குப் போனது. சிம்மாசனம் வின்ட்ஸர் கோட்டையில் இருந்து, 1934 இல் குளோஸ்டர் கோமகன் கையால் முடியோடு திரும்பி வந்தது.

ஏலத்தில் போன கற்கள் திரும்பவில்லை. அவை இப்போது யார் விரலிலோ கழுத்திலோ, எந்தச் சின்னமும் இல்லாமல், வெறும் கற்களாக இருக்கும். கல் அப்படியே இருக்கிறது, அர்த்தம் மட்டும் கரைந்துவிட்டது. அர்த்தம் கல்லில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திரும்பி வந்த முடியும் ஆசனமும் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. 1877 ஜனவரி 1 ஆம் திகதி தேசாதிபதி கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமை நூதனசாலையை மூடினால் போதும் என்று அவர் சொன்னதாக நம்மிடையே ஒரு செய்தி வழங்குகிறது. முடியைச் செய்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்த முடியின் மேல் மழை விழாமல் கூரை போட்டவரின் பெயர் தெரியும். நமது கட்டுரைகள் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது ஒரு வழிகாட்டல்.

கல் சாட்சி சொன்ன இடம்

சின்னங்களே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. நம்பிக்கை பொய்யாக இருந்தாலும் நம்பியவனின் செயல் மெய். நீலத்துக்குப் பயந்தவன் பயந்தது உண்மை, மகுடத்தைக் கண்டு மண்டியிட்டவன் மண்டியிட்டது உண்மை. அந்த உண்மையை எழுதுவது ஆய்வு. நம்பிக்கையையே தகவலாக எழுதுவதுதான் பிழை.

தமிழ் இலக்கியம் இந்த வித்தியாசத்தை எப்போதோ கண்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. வைரத்தின் குற்றங்களும் மாணிக்கத்தின் வகைகளும் பெயர் சொல்லி வருகின்றன. யாவாரியின் கண் அது. எந்தக் கல் என்ன அதிர்ஷ்டம் தரும் என்று அங்கே யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பிறகு அதே மதுரையில், அரசனின் முன்னால், ஒரு சிலம்பு உடைபடுகிறது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். சிதறிய மாணிக்கம் அரசனின் முகத்தில் தெறிக்கிறது. அந்த ஒரு காப்பியத்தில் மாணிக்கத்துக்குக் கிடைத்த பொருள் வீரமும் அல்ல, காதலும் அல்ல. சாட்சி. அரசன் அணிந்த கல் அவனை உயர்த்தவில்லை. ஒரு வணிகனின் மனைவி அணிந்த கல் அவனை வீழ்த்தியது.

நமது தலைக்கு மேல் இருந்தது

நம் சமூகத்தின் தலைச்சின்னம் என்று ஒன்றைத் தேடினால், அது 1905 இல் இருக்கிறது. நமது முதல் முஸ்லிம் அத்வகாத்து எம். சீ. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது அது அனுமதிக்கப்படவில்லை. ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. அந்த வருட முடிவில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. கடைசியில் தடை நீங்கியது. ஒரு சிவப்புத் தொப்பி, ஒரு குஞ்சம். ஒரு கரட் கல்லும் அதில் இல்லை. துருக்கியிலிருந்து இரவல் வந்த தொப்பியும்கூட. பின்னர் வந்த தலைமுறைகள் அதைக் கழற்றியும் வைத்துவிட்டன. ஆனாலும் அன்று அது சுமந்த பொருளை எந்த மணிமுடியும் சுமந்ததாகத் தெரியவில்லை. காரணம், அதைத் தலையில் வைத்தவனும் அவனுக்காகக் கூடியவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஆகவே கல்லைப் பற்றி எழுத விரும்பும் இளம் எழுத்தாளர்களுக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு. மகுடத்திலிருந்து தொடங்காதீர்கள், குழியிலிருந்து தொடங்குங்கள். இரத்தினபுரிப் பக்கம் குழிக்குள் இறங்கி இல்லம் அள்ளுகிறவனையும், கூடையில் அரித்து எடுக்கிறவனையும் எழுதுங்கள். பால் போல மங்கிய கெவுடக் கல்லை ஒன்றுக்கும் உதவாது என்று நம்மவர் தள்ளி வைத்த காலத்தில், தாய்லாந்து யாவாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய்ச் சூடேற்றி நீலமாக்கி விற்ற கதையை எழுதுங்கள். அரசனுடைய கம்பம் இல்லாத காலத்திலும் கல் கண்டெடுத்தவன் கையில் பெறுமதி நிற்காமல் போனது எப்படி என்பதை அந்தக் கதை சொல்லும். பேருவளையின் சீனன்கோட்டைச் சந்தையில் தரகர் கையில் கல் எப்படி மாறுகிறது, வாய்ச்சொல்லை நம்பிக் கல்லை எப்படிக் கொடுத்தனுப்புகிறார்கள், அந்த அமானிதம் எப்போது உடைகிறது என்று எழுதுங்கள். பழைய யாவாரக் குடும்பங்களின் பெட்டிகளில் அரபுத்தமிழில் எழுதிய கணக்குகளும் கடிதங்களும் இருந்தால், கறையான் தின்ன முன் அவற்றைப் பிரதி எடுங்கள். ராஜாவுக்கு விற்ற கல்லின் பெருமையைவிட, அதன் விலையும் கடனும் எழுதிய ஒரு துண்டுக் கடுதாசி நமது வரலாற்றுக்குக் கூடுதல் உதவி செய்யும்.

"எங்கட மூத்தவங்க ராஜாமாருக்கே கல்லு வித்தவங்க" என்று மேடையில் யாராவது சொன்னால், இனி ஒரு கேள்வி கேட்க வேண்டும். "சரி, அந்தக் கல்லத் தோண்டினது யாரு?"